அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவை நீதிபதிகள் படிக்கிறார்களா, எழுதுகிறார்களா?

நெல்லைக்காரன்:
அரசியல் நிர்ணய சபை, சட்டத்தின் நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றமே பார்க்கும் 'டியூ பிராசஸ்' என்ற அமெரிக்க ஏற்பாட்டை யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டது. சட்டம் வகுத்த நடைமுறைப்படி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கலாம், அவ்வளவுதான் 21-ஆம் பிரிவு. 1978-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, விட்டதைக் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவந்தது உச்ச நீதிமன்றம். அப்புறம் அதே பிரிவுக்குள் பிழைப்புரிமை, கல்வி, 2017-இல் அந்தரங்க உரிமை. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் இதற்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?

வக்கீல் குமாஸ்தா:
எழுத்தை அப்படியே படித்த காலமும் இருந்ததே சார். அரசியல் சட்டம் அமலான ஒரே மாதத்தில், விசாரணை இல்லாமலே ஆளை அடைத்துவைக்கும் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. மெட்ராஸ் மாநிலச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது, அது நியாயமா என்று 21-ஐ வைத்துக்கொண்டு பார்க்க முடியாது என்றது பெரும்பான்மை. நீதிபதி பசல் அலி அப்போதே மாறுபட்டு எழுதினார். அந்தப் போக்கு எங்கே போய் முடிந்தது? 1976, எமர்ஜென்சி. அடைக்கப்பட்டவர்கள் விடுதலை கேட்டுப் போட்ட ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்றார்கள், ஜபல்பூர் வழக்கில் ஐந்தில் நான்கு நீதிபதிகள்.

நெல்லைக்காரன்:
1976-ஐ என் தலையில் கட்டாதீர்கள். அந்த ஜபல்பூர் வழக்கில் பிரச்சினையே, கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திவைத்த 359-ஆம் பிரிவு உத்தரவு. தனியாக நின்ற ஐந்தாவது நீதிபதி ஹெச்.ஆர். கன்னா, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாரையும் அடைத்துவைக்க முடியாது என்றார். அது 21-இன் எழுத்துக்கு விரோதமா?

மாற்ற வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், சாதி மத வாரியாகக் கல்லூரி இடங்களைப் பிரித்த மெட்ராஸின் வகுப்புவாரி அரசாணை அடிபட்டது. இங்கே போராட்டம் வெடித்தது. அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில், பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) வந்தது. மாற்றியது மக்கள் பிரதிநிதிகள்.

வக்கீல் குமாஸ்தா:
1951-இல் இருந்தது தற்காலிக நாடாளுமன்றம். முதல் பொதுத்தேர்தல் தொடங்கியதே அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு யார் ஓட்டுப் போட்டார்கள்?

தேன்மொழி:
போராடிச் சட்டத்தை மாற்ற ஆள்பலம் வேண்டும். அது இல்லாதவர்கள்? 2013-இல், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் கைகழுவியது. அதைத் திருத்த எம்.பி. சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்தவே மக்களவை விடவில்லை. கடைசியில் 2018-இல் நீதிமன்றம்தான் திருத்திக்கொண்டது. அந்த ஐந்து வருஷமும் போலீஸுக்குப் பயந்து கிடந்தவர்களிடம் 'போய் உங்கள் எம்.பி.யைப் பாருங்கள்' என்றா சொல்வது?

நெல்லைக்காரன்:
சரி தேன்மொழி. 2023-இல் ஒருபால் திருமண உரிமையைக் கேட்டபோது அதே நீதிமன்றம் நாடாளுமன்றத்திடம் தள்ளிவிட்டதே? வாசகம் மாறவில்லை, அமர்வுதான் மாறியது. நாளைக்கு வேறொரு அமர்வு அந்தரங்க உரிமையைச் சுருக்கினால் யாரிடம் போவீர்கள்? கல்வியைப் பாருங்கள். 14 வயது வரை உரிமை என்று 1993-இல் நீதிமன்றம் சொன்னது, 2002-இல் 86-ஆம் திருத்தம் அதை, ஆறு முதல் 14 வயது வரை என்று, 21-ஏ பிரிவாக எழுத்தில் போட்டுவிட்டது. இனி எந்த அமர்வும் அதை இல்லை என்று சொல்ல முடியாது. அந்தரங்கத்துக்கும் அப்படி ஒன்று எழுதட்டுமே.

வக்கீல் குமாஸ்தா:
எழுதட்டும், யார் தடுத்தது? 1993 இல்லாமல் 2002 வந்திருக்குமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஆதார் வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று வாதாடியது மத்திய அரசு. அவர்களா எழுதப்போகிறார்கள்?