ஓசூர் டு திருநெல்வேலி 550 கிலோமீட்டர்: பைக்குக்கு என்ன சீட் போடலாம்?

நெல்லைக்காரன் (ஓசூர்)

எல்லாருக்கும் வணக்கம். வயசு 44, உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 82 கிலோ. வேலை ஓசூர்ல, சொந்த ஊர் திருநெல்வேலி. மாசம் ஒரு தடவை ஊருக்குப் போவேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் டிக்கெட்டுக்கு அல்லாடுறதை விட, சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்கு பைக்கை எடுத்துட்டா நிம்மதி. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டின்னு எங்கேயும் திரும்பாம 44-ம் நம்பர் நெடுஞ்சாலையிலேயே போகலாம். சுமார் 550 கிலோமீட்டர்.

பைக் 350 சிசி. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். சொன்னா சீட்டை விட்டுட்டு கம்பெனியைப் பிடிச்சுக்குவீங்க.

பிரச்சனை இதுதான். தர்மபுரி தாண்டும்போதே நெளிய ஆரம்பிச்சுடுறேன். நாமக்கல்ல இறங்கினா நாலு அடி நடக்கவே கஷ்டமா இருக்கு. ஊர் போய்ச் சேர்றப்ப அம்மா வாசல்ல நாற்காலி போட்டு "உக்காரு"ன்னு சொன்னா கண்ணுல தண்ணி வருது.

ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தாச்சு. ஒரு குஷன் கடையில 2,800 ரூபாய் குடுத்து ஜெல் வெச்சு சீட் மாத்தினேன். கடையில கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தேன், அல்வா மாதிரி இருந்துச்சு. திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா குடுத்துட்டாங்கன்னு கரூர்லதான் தெரிஞ்சுது. வெயில்ல வண்டியை நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வந்து உக்கார்ந்தா தோசைக்கல்லு! ரெக்ஸின் சூடு ரெண்டு நிமிஷத்துல ஆறிடும், இது திண்டுக்கல் வரைக்கும் ஆறலை. மூணாவது மாசம் ஜெல் ஒரு பக்கமா ஒதுங்கி, அடியில இருக்கற பலகை தட்ட ஆரம்பிச்சிடுச்சு.

இப்ப என் முன்னாடி மூணு வழி இருக்கு. 6,500 ரூபாய்க்கு ரெடிமேட் டூரிங் சீட், இல்ல மறுபடியும் குஷன் கடை, இல்ல மேல போடுற காத்துத் தலையணை. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

லாரி டிரைவர் மகன்

நாலாவது வழி ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. பஸ்ல போங்க.

மதுரை பிசியோ

மேல இருக்கறவரை விடுங்க சார். நான் பிசியோதெரபிஸ்ட், பைக்கும் ஓட்டுறேன். இவ்வளவு எழுதினீங்க, எங்க வலிக்குதுன்னு மட்டும் சொல்லலை. அது தெரியாம சீட் வாங்குறது, காலை அளக்காம செருப்பு வாங்குற மாதிரி.

பலகை நாற்காலியில ரெண்டு கையையும் அடியில வெச்சு உக்கார்ந்து பாருங்க. பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு எலும்பு உள்ளங்கையில குத்தும். உடம்போட எடை அதுமேலதான் நிக்கணும். அந்த இடத்துலயே வலிச்சா ஃபோம் அமுங்கிப் போயிருக்கும், இல்லைன்னா சீட் அகலம் பத்தலை. வால் எலும்புல வலிச்சா நீங்க கூன் போட்டு உக்கார்றீங்க. முன்பக்கம் மரத்துப் போச்சுன்னா சீட் டேங்க் பக்கம் சரியுதுன்னு அர்த்தம். தோல் மட்டும் எரிஞ்சா வேர்வையும் ஜீன்ஸ் தையலும்தான் காரணம், அதுக்கு சீட்டை மாத்தி ஒண்ணும் ஆகாது.

ரொம்ப மெத்துன்னு இருக்கற சீட்ல அந்த ரெண்டு எலும்பும் உள்ள புதைஞ்சுடும். அப்ப நடுவுல இருக்கற சதையும் நரம்பும் எடையைத் தாங்க வேண்டியிருக்கும். அதனாலதான் முதல் அரை மணி நேரம் சொர்க்கமா இருந்த சீட் மூணாவது மணி நேரம் கொல்லுது.

இன்னொண்ணு, பெண்களுக்கு அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல இடைவெளி பொதுவா அதிகம். என் வீட்டுக்காரர் தன் அளவுக்குப் பார்த்துப் பார்த்து செஞ்ச சீட் எனக்கு அரை மணி நேரம் கூட ஒத்து வரலை. "நல்லாத்தானே இருக்கு"ன்னு அவர் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கார்.

நெல்லைக்காரன் (ஓசூர்)

மேடம், இன்னைக்கு ஆபீஸ்ல நாற்காலிக்கு அடியில கையை வெச்சு உக்கார்ந்தேன். பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பரவால்ல.

எனக்கு ரெண்டு இடத்துல. ஒண்ணு, முன்பக்கம் மரத்துப் போகுது. தொப்பூர் இறக்கத்துல ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் வழுக்கிட்டுப் போய் டேங்க்ல முட்டுறேன். கையை ஊனி பின்னாடி தள்ளி உக்கார்ந்தா, அடுத்த லாரிக்குப் பின்னாடி பிரேக், மறுபடியும் டேங்க். சேலம் போறதுக்குள்ள ஏழெட்டு தடவை இது நடக்கும்.

ரெண்டாவது, இடது பக்கம் மட்டும் தொடை வரைக்கும் இழுக்குது. வலது பக்கம் ஒண்ணும் இல்ல.

மதுரை பிசியோ

இடது பக்கம் மட்டும்னா, சார், பர்ஸை எங்க வெக்கிறீங்க?

நெல்லைக்காரன் (ஓசூர்)

படிச்ச உடனே கை தானா இடது பின் பாக்கெட்டுக்குப் போயிடுச்சு. ஸ்கேல் வெச்சு அளந்தேன், 3 சென்டிமீட்டர். ஆர்.சி., லைசென்ஸ், மூணு கார்டு, 2019-ல வாங்கின செருப்புக்கு பில். அந்தச் செருப்பே இப்ப இல்ல.

மதுரை பிசியோ

அதை முதல்ல எடுங்க. இடுப்பு ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்ந்து 550 கிலோமீட்டர் போறீங்க. எடுத்தும் ரெண்டு மூணு வாரத்துல இழுக்குறது நிக்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, சீட் கடைக்குப் போகாதீங்க.

ஈரோடு குஷன்

எங்கப்பா காலத்துல இருந்து எங்களுக்கு குஷன் வேலைதானுங்க. நம்ம தொழில்ல நடக்கறதையே சொல்றேன், கடைக்காரங்க யாரும் கோவிச்சுக்காதீங்க.

கட்டைவிரலால அமுக்கிப் பார்த்து வாங்காதீங்க. கட்டைவிரலா உக்காரப் போகுது?

கடையில "எத்தனை டென்சிட்டி"ன்னு கேட்டா 32, 40, 50-ன்னு சொல்லுவாங்க. அது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கற கணக்கு. அதை வெச்சு மெத்துன்னு இருக்குமா, கெட்டியா இருக்குமான்னு சொல்ல முடியாதுங்க. 50-லயும் மெத்துன்னு வரும், 32-லயும் விறைப்பா வரும். டென்சிட்டி கூட இருந்தா நாள்பட உழைக்கும், சீக்கிரம் அமுங்காது, அவ்வளவுதான். அதனால ரெண்டையும் தனித்தனியா கேளுங்க.

கம்பெனி ஃபோமைத் தூக்கிப் போட விடாதீங்க. அது அச்சுல வார்த்தது, அடித்தட்டோட கச்சிதமா உக்காரும். அமுங்கின இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, அடியில ரீபாண்டட் ஒரு அடுக்கு போடணும். துண்டு ஃபோமை அரைச்சு அழுத்தி, கலர் கலரா பலகையாட்டம் வருமே, அது. அதுக்கு மேல கொஞ்சம் மெத்துன்னு ஓர் அங்குலம். பலகை தட்டாதபடி கீழ் அடுக்கு பார்த்துக்கும், எலும்புக்கு இடம் குடுக்கறது மேல் அடுக்கு. எலும்பு படற இடத்துல பசை தடவ விடாதீங்க. காஞ்சா அது தகடாட்டம் ஆயிடும், ஓரத்துல மட்டும் ஒட்டினா போதும்.

உங்க ஜெல் ஒதுங்கினதுக்குக் காரணம், ஃபோமுக்கு மேல சும்மா பரப்பி வெச்சிருப்பாங்க. ஃபோம்ல குழி வெட்டி உள்ள இறக்கி, மேல ஒரு மெல்லிசு ஃபோம் போட்டு மூடியிருக்கணும். அப்படியே செஞ்சாலும் நம்ம ஊர் வெயிலுக்கு நான் ஜெல்லை சொல்ல மாட்டேங்க. சூட்டை வாங்கிச்சுன்னா விடாது.

டேங்க்ல முட்டறதுக்கு மருந்து ஃபோம் இல்லீங்க, சரிவுதான். முன்பக்கம் நிரப்பி, எலும்பு உக்கார்ற இடத்தை மட்டமாக்கணும். அப்படிப் பண்ணினா உயரம் ஏறும், 5 அடி 6-க்கு கால் எட்டாம போகலாம். அதுக்கு சீட்டோட முன் ஓரம் ரெண்டையும் தொடைக்கு வாகா சீவி விடணும். ஆக்ஸா பிளேடைத் தீட்டி வெச்சு சீவுவோம், அப்புறம் உப்புத்தாள் போட்ட கிரைண்டர்ல நைஸ் பண்ணுவோம்.

கடைசியா கவர். ரெக்ஸினை இழுத்து இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிச்சா பார்க்க சுருக்கமில்லாம ஜம்முனு இருக்கும். ஆனா தவில் தோலாட்டம் விறைச்சிரும், அடியில எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் அது வேலை செய்யாது. நாலு பக்கமும் இழுபடற ரெக்ஸினா கேளுங்க. டைமண்ட் தையல் போட்டோவுக்குத்தான், உக்கார்ற இடத்துல வேண்டாம். ஒவ்வொரு ஊசித் துளையும் மழைத் தண்ணிக்கு வாசல்.

பின் அடிக்கறதுக்கு முன்னாடி, கவரை மேல சும்மா போட்டு, வண்டியை சென்டர் ஸ்டாண்ட்ல நிறுத்தி 20 நிமிஷம் உக்காருங்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். அதுக்கு ஒத்துக்காத கடையில வேலை குடுக்காதீங்க.

திருச்சி மைல்கல்

குஷன்காரர் சொன்னதுக்கு மேல சீட்டைப் பத்தி சொல்ல எதுவும் இல்ல. காத்துத் தலையணை பத்தி மட்டும் சொல்றேன்.

அமெரிக்காவுல அயர்ன் பட் அசோசியேஷன்னு ஒண்ணு இருக்கு. பேரோட அர்த்தம் உங்களுக்கே தெரியும். 24 மணி நேரத்துக்குள்ள 1,000 மைல், அதாவது 1,610 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினா சான்றிதழ் தருவாங்க. முதல் தடவை 1,100 கிலோமீட்டர்லேயே விட்டுட்டேன், உக்கார முடியலை. ரெண்டாவது தடவை காத்துத் தலையணையோட முடிச்சேன். இது சக்கர நாற்காலியிலயே இருக்கறவங்களுக்குப் புண் வராம இருக்க உருவாக்கின சமாச்சாரம். சின்னச் சின்ன காத்து அறைகள் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும், எடை ஒரே இடத்துல நிக்காது.

எல்லாரும் செய்யற தப்பு, கெட்டியா ஊதிடுறது. பந்து மேல உக்கார்ந்த மாதிரி ஆடும், வளைவுல பயமா இருக்கும். ஊதிட்டு மேல உக்கார்ந்து, வால்வைத் திறந்து விடுங்க. எலும்பு சீட்டைத் தொடறதுக்கு ஒரு சென்டிமீட்டர் இருக்கும்போது மூடிடுங்க. காத்து இருக்கற மாதிரியே தெரியக் கூடாது.

ஆனா சரிவான சீட் மேல இதைப் போட்டா தலையணையோட சேர்ந்து டேங்க்ல முட்டுவீங்க. முதல்ல சரிவு.

பின் சக்கரத்து ஷாக் அப்சார்பரையும் பாருங்க. விறைப்பைக் கூட்டக் குறைக்க அதுல படிப்படியா வெச்சிருப்பாங்க, உங்களுது எத்தனையாவது படியில இருக்கு? 82 கிலோவும் ஒரு பையும் ஏத்திக்கிட்டு, முதல் படியிலேயே விட்டிருந்தா ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்குத்தான் வரும். இதுக்குக் காசு கிடையாது, டூல் கிட்ல இருக்கற ஸ்பேனர் போதும். அப்புறம் சைக்கிள்காரங்க போடற பேட் வெச்ச ஷார்ட்ஸ், ஜீன்ஸுக்குள்ள. பருத்தி ஜட்டி வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே உரசிக்கிட்டிருக்கும்.

ஃபுட்ரெஸ்ட் எங்க இருக்கு உங்களுக்கு? காலுக்கு நேர் கீழேயா, முன்னாடி நீட்டியா?

நெல்லைக்காரன் (ஓசூர்)

கிட்டத்தட்ட நேர் கீழே. ஷாக் முதல் படியிலேயேதான் இருக்கு. இத்தனை வருஷமா அதைத் தொட்டதே இல்ல. வெக்கமா இருக்கு.

திருச்சி மைல்கல்

நேர் கீழேன்னா தப்பிச்சீங்க. கால் நீட்டி உக்கார்ற க்ரூசர்ல எழும்பி நிக்க முடியாது, மொத்த எடையும் வால் எலும்புக்குப் போயிடும். நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ரோடு காலியா இருக்கும்போது, ஃபுட்ரெஸ்ட் மேல லேசா எழும்பி உக்காருங்க. ரத்தம் ஓடட்டும்.

நெல்லைக்காரன் (ஓசூர்)

ஆறு வாரம் கழிச்சு வர்றேன். யாரும் மறந்திருக்க மாட்டீங்கன்னு நம்பறேன்.

ரெடிமேட் சீட்டை விட்டுட்டேன். கேட்டா "எல்லாருக்கும் செட் ஆகும் சார்"னு சொன்னாங்க, அதுலதான் சந்தேகம் வந்துச்சு. ஓசூர்லேயே ஒரு பாய் கடை, முன்னாடி போன கடை இல்ல. குஷன்காரர் பதிவை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். பாய் முழுசும் கேட்டுட்டு, "யாரு இவரு, நம்ம தொழில் ரகசியத்தையெல்லாம் எழுதறாரு"ன்னார். அப்புறம் அப்படியேதான் செஞ்சார். 20 நிமிஷம் உக்கார விட்டார், ரெண்டு தடவை. முதல் தடவை இடது ஓரம் தொடையில இடிச்சுது. இறங்குன்னார், நாலு இழுப்பு சீவினார், ஏறுன்னார். 3,400 ரூபாய்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ஷாக் மூணாவது படி, பர்ஸ் டேங்க் பைக்குள்ள. தொப்பூர்ல ஒரு தடவை கூட டேங்கைத் தொடலை. லாரிக்குப் பின்னாடி பிரேக் பிடிச்சுட்டு, பழக்கத்துல கையை ஊனித் தள்ளப் போனேன், தள்ள ஒண்ணுமில்ல. நாமக்கல்ல இறங்கி சாதாரணமா நடந்து போய் டீ சொன்னேன். திண்டுக்கல் தாண்டினதும் வலி இருந்துச்சு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பக்கமும் சமமா, அந்த ரெண்டு எலும்புல மட்டும். தொடை இழுக்கலை.

குறைன்னா, சிக்னல்ல முன்ன மாதிரி ரெண்டு காலும் பதியலை, முன்பாதம்தான் எட்டுது. வீட்டுக்காரம்மா பின்னாடி உக்கார்ந்து பார்த்துட்டு, "உங்க ஹெல்மெட்தான் தெரியுது, ரோடே தெரியலை"ங்கறா. பின் சீட்டுக்கும் பாய்கிட்ட போகணும் போல.

லாரி டிரைவர் மகன்

அந்த ஜெல் என்ன ஆச்சு அண்ணாச்சி?

நெல்லைக்காரன் (ஓசூர்)

எங்க கம்பெனி கேட் செக்யூரிட்டி அண்ணன் வாங்கி நாற்காலியில போட்டுக்கிட்டார். அவர் உக்கார்றது வேப்பமரத்து நிழல். குளுகுளுன்னு இருக்காம்.