தண்ணீரும் சூடும்: வகுப்பில், பட்டறையில், வீட்டில் பார்த்தவை

பாலிடெக்னிக் ஆசிரியர்:
ஸ்டீம் டேபிளை, அதாவது ஒவ்வொரு வெப்பநிலையிலும் நீருக்கும் ஆவிக்கும் உள்ள ஆற்றல், கன அளவு எல்லாம் போட்ட அட்டவணையைக் கையில் கொடுத்ததும் முதல் வரியிலேயே யாராவது கை தூக்கிவிடுவார்கள். "சார், 0.01 டிகிரியில் தண்ணீரோட அக ஆற்றல் சுழியம்னு போட்டிருக்கே, அப்போ மூலக்கூறு எதுவும் அசையாதா?" நல்லாவே அசையும். அக ஆற்றல் என்பது மூலக்கூறுகளின் அசைவிலும் பிணைப்பிலும் உள்ளே இருக்கும் ஆற்றல். கணக்குக்கு வேண்டியது ஆற்றல் எவ்வளவு மாறியது என்பதுதான். அதனால் மும்மைப் புள்ளியில், அதாவது பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்தே இருக்கும் அந்த 0.01 டிகிரியில், இருக்கும் நீரைச் சுழியம் என்று வைத்துக்கொண்டார்கள். மாடியின் உயரத்தைத் தெருவிலிருந்து அளந்தாலும் கடல் மட்டத்திலிருந்து அளந்தாலும் மாடிக்கு மாடி இடைவெளி மாறாது, இல்லையா?

அப்புறம் 100 டிகிரி வரிக்குப் போகச் சொல்வேன். ஒரு கிலோ நீரின் அக ஆற்றல் 419 கிலோஜூல், ஆவிக்கு 2506. வித்தியாசம் 2087. ஆனால் ஆவியாக்கக் கொடுத்த உள்ளுறை வெப்பம் 2257. மிச்சம் 170 எங்கே போனது? இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் சலசலக்கும், எனக்குப் பிடித்த இடமும் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் 1.67 கன மீட்டர் ஆவியாக விரிகிறது. சுற்றியுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டுதானே விரிய வேண்டும்? வளிமண்டல அழுத்தம் 101.3 கிலோபாஸ்கலை 1.67-ஆல் பெருக்கினால் 169 கிலோஜூல், காணாமல் போன 170 ஏறக்குறைய இதுதான். கொடுத்த வெப்பம் அக ஆற்றலாகவும் வேலையாகவும் பிரிகிறது என்னும் வெப்ப இயக்கவியலின் முதல் விதியை நான் கரும்பலகையில் எழுதுவது இதற்குப் பிறகுதான்.

சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவர்:
சார் சொன்ன 2257-ஐ நாங்க தினமும் பார்க்கிறோம். ஆயிரம் லிட்டர் பாத்தை (துணி முக்கும் சாயத் தண்ணீர்) 30-லிருந்து 80 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 2,09,000 கிலோஜூல் வேண்டும். நூறு கிலோ நீராவி போய்விடும். புதுசா வந்த தம்பி ஒருத்தர், "அண்ணே, மெஷின் இரும்பே இவ்வளவு கனம், அதுதான் சூட்டையெல்லாம் குடிக்குது" என்றார். ஒரு டன் எஃகை அதே 50 டிகிரி ஏற்ற 25,000 கிலோஜூல்தான், எட்டில் ஒரு பங்கு. குடிக்கிறது தண்ணீர்தான், தம்பி. அதனால்தான் கண்டன்சேட்டை, அதாவது ஆவி குளிர்ந்து திரும்ப நீரான வெந்நீரை, சாக்கடையில் விட்டால் எனக்குக் கோபம் வரும். அதைத் திருப்பி விட்டால் பாய்லருக்குள் போகும் தண்ணீர், அதாவது ஃபீட் வாட்டர், சூடாகும்; அது 6 டிகிரி கூடினால் எரிபொருளில் சுமார் 1 சதவீதம் மிச்சம். வால்வு கசியும் இடத்தில் மட்டும் கையை நீட்டாதீர்கள். ஆவி தோலில் பட்டு நீராகும்போது மொத்தச் சூட்டையும் அங்கேயே இறக்கிவிடும், வெந்நீர்க் கொப்புளம் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எலக்ட்ரீஷியன்:
என்னிடம் வரும் புகார் ஒன்றே ஒன்றுதான்: "கீசர் லேட்டா சூடாகுது." 25 லிட்டரை 28-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.93 யூனிட். 2 கிலோவாட் கீசர் என்றால் 28 நிமிடம், எந்த பிராண்ட் வாங்கினாலும் அதேதான். 3 கிலோவாட் போட்டால் 19 நிமிடத்தில் முடியும், யூனிட் மட்டும் குறையாது. அவசரம் என்றால் வாங்குங்கள், கரண்ட் பில்லுக்காக வேண்டாம்.