சி.சி.சி. முகாம் கதைப்பாட்டு: 1936-க்கு எது பொருந்தும்?

கேள்வி: அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வேலையில்லா இளைஞர்களை வைத்து அரசு நடத்திய காடு, பூங்கா வேலைப்படையான சி.சி.சி.-யின் (சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்) முகாமை வைத்து ஒரு கதைப்பாட்டு எழுதுகிறேன். 1936 ஜூலை, வெர்ஜீனியா மலைக்காடு. 19 வயசுப் பையன், பச்சைச் சீருடை, நாள் முழுக்க மரக்கன்று நடுகிறான். 30 டாலர் சம்பளத்தில் 25-ஐ வீட்டுக்கு மணியார்டர் செய்கிறான். பிழை இருந்தால் சொல்லுங்க. மெட்டுக்கும் யோசனை வேணும்.

பதில் 1: மணியார்டரை எடுத்துடுங்க. அந்த 25 அவன் கைக்கே வராது. அரசே வீட்டுக்குக் காசோலை அனுப்பிடும். சம்பள நாளில் அவன் பார்ப்பது 5 டாலர்தான். சிகரெட், சினிமா எல்லாம் அதுக்குள்ளதான். பல்லவியே அந்த அஞ்சுதான்னு சொல்வேன். பச்சைச் சீருடை வந்தது 1939-ல். அதுக்கு முன்னாடி முதல் உலகப் போரில் மிஞ்சிய ராணுவ உடுப்பு, அளவு பொருந்தாது. நக்கலுக்கு நல்ல சரக்கு.

பதில் 2: ஜூலையில் நடவு கிடையாது. துளிர் விடுமுன், வசந்தத் தொடக்கத்தில் முடிச்சிடுவாங்க. ஒருத்தன் மேட்டக் என்கிற கொத்துக் கருவியால் மண்ணைப் பிளப்பான், அடுத்தவன் ஈர வாளியிலிருந்து கன்றை எடுத்து வேர் நேராத் தொங்கும்படி இறக்கி, குதிகாலால் மிதிச்சு இறுக்குவான். வேர் மடிஞ்சுட்டா கன்று கொஞ்ச நாள் பச்சையா நின்னு ஏமாத்தும், அப்புறம் வாடும். சரியா மிதிக்கலைன்னா உள்ளே காற்று தங்கி வேர் காயும். ஜூலைதான் வேணும்னா நடைபாதை வெட்டச் சொல்லுங்க, இல்லைன்னா வெர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் ஸ்கைலைன் டிரைவ் என்ற மலைச்சாலை ஓரச் சரிவைச் சமப்படுத்தச் சொல்லுங்க.

பதில் 3: முகாமுக்குள்ள ராணுவ அதிகாரி, வேலைக்களத்தில் வனத்துறை அல்லது பூங்காத்துறை மேற்பார்வையாளர். இந்த இரட்டை எஜமான் விவகாரத்திலேயே பாதிக் கதை இருக்கு. இன்னொண்ணு: 1935-க்குப் பிறகு கறுப்பினப் பையன்களைத் தனி முகாம்களில்தான் வைத்தார்கள். எல்லாரும் ஒரே கொட்டகையில் கைகோத்துப் பாடுவதாக எழுதினால் அது பொய்.

மெட்டுக்குப் புதுசா எதுவும் தேடாதீங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய நடைப்பாட்டில் சொல்லை மாத்திப் போடுங்க, முகாம் பாட்டு அப்படித்தான் பிறக்கும். சைக்ளோஸ்டைல் முகாம் பத்திரிகைகளில் பையன்கள் எழுதிய பாட்டுகளைப் படிங்க. சாப்பாட்டுப் புலம்பல் நிறையக் கிடைக்கும்.

கேட்டவர்: சரி, நடைபாதை வெட்டட்டும். பல்லவி இப்படி:

முப்பது டாலர் சம்பளம் – கண்ணால்
முழுசாப் பாத்தது அஞ்சுதான்
அப்பனுக்கு இருபத்தஞ்சு – எனக்கு
அளவே இல்லாச் சட்டைதான்

பதில் 1: ஓடுது. அப்பனுக்கு வேலை இல்லைன்னு சரணத்தில் சொல்லிடுங்க. 1936-ல் நிவாரணம் வாங்கும் குடும்பத்துப் பையன்களைத்தான் சேர்த்தாங்க.