டிரெட்மில், சைக்கிள், எலிப்டிகல்: அரை மணி நேரத்துக்கு மூன்று விதக் கணக்கு, எதை நம்புவது?

கேள்வி:
வணக்கம். வயது 41, எடை 78 கிலோ. மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். டிரெட்மில்லில் சரிவு வைத்து அரை மணி நேரம் வேகமாக நடந்தால் நாடித்துடிப்பு 145 வரை போகிறது. சைக்கிளில் தொடை எரிய எரிய மிதித்தாலும் 125ஐத் தாண்டுவதில்லை. எலிப்டிகலில் (நின்றபடியே கால்களை நீள்வட்டமாகச் சுழற்றும் மெஷின்) மூச்சுகூட அவ்வளவாக வாங்குவதில்லை, ஆனால் திரையில் 420 கலோரி என்று வருகிறது, டிரெட்மில்லில் 260தான். வலது முழங்காலில் லேசான வலி வேறு. பேசாமல் எலிப்டிகலுக்கே மாறிவிடலாமா? சைக்கிளில் ஏதாவது தப்பு செய்கிறேனா?

பதில் 1:
அந்த 420ஐ முதலில் மறந்துவிடுங்கள். அது அளந்து சொல்லும் எண் இல்லை, வேகத்தையும் ரெசிஸ்டன்ஸையும் (மிதிக்கும்போது காலை எதிர்க்கும் இறுக்கம்) வைத்து மெஷின் போடும் உத்தேசக் கணக்கு. எடையைப் பதியாமல் ஆரம்பித்தால் ஏதோ ஓர் எடையை அதுவே வைத்துக்கொள்ளும். எலிப்டிகலில் இந்தக் கணக்கு பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருந்தால் சுழலும் சக்கரமே காலை இழுத்துக்கொண்டு போய்விடும், உங்களுக்கு மூச்சு வாங்காததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

சைக்கிளில் 125 வருவது தப்பே இல்லை. உடம்பின் எடையை சீட் தாங்கிக்கொள்கிறது, வேலை முழுக்கக் கால்களுக்குத்தான், அதனால் மிதித்துப் பழகாதவர்களுக்கு இதயம் களைப்பதற்கு முன்பே தொடை களைத்துவிடும். ஒரே எண்ணை எல்லா மெஷினிலும் துரத்தாதீர்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்செடுக்க வேண்டியிருந்தால் கடுமையானது. எந்த மெஷினிலும் இதை வைத்துப் பார்க்கலாம்.

பதில் 2:
சீட் உயரத்தைப் பார்த்தீர்களா? சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, அதன் முன்பக்கம் சுமை ஏறும். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளினால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும், அதுதான் சரியான உயரம். ரெசிஸ்டன்ஸை இரண்டு படி குறைத்து நிமிடத்துக்கு 80 சுற்றுபோல மிதியுங்கள், தொடை எரிச்சல் குறையும், மூச்சு ஏறும்.

இன்னொன்று, டிரெட்மில்லில் சரிவு வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவது நிறையப் பேருக்குப் பழக்கம். பிடித்துக்கொண்டு நடந்தால் உழைப்பு நன்றாகக் குறைந்துவிடும், திரைக்கு அது தெரியாது.

கேட்டவர்:
சீட் மூன்று துளை கீழே இருந்தது! ஏற்றிவிட்டு 80 சுற்றில் மிதித்தேன், இருபதாவது நிமிடத்தில் 134, வலியும் இல்லை. எலிப்டிகலில் ரெசிஸ்டன்ஸை 4லிருந்து 9க்கு ஏற்றியதும் பேச்சே வரவில்லை, ஆனால் திரையில் கலோரி பெரிதாக ஏறவே இல்லை. டிரெட்மில்லை வாரத்துக்கு ஒருநாளாகக் குறைத்துக்கொள்கிறேன்.

பதில் 2:
அப்படியே செய்யுங்கள். முழங்கால் வீங்கினாலோ மடக்கும்போது மாட்டிக்கொண்டாலோ மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீட் எத்தனையாவது துளை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து உட்காருகிறவர் கண்டிப்பாக மாற்றிவிடுவார்.