பிரின்ஸ் வேலியண்ட் ஞாயிறு பக்கங்கள்: மஞ்சளை எடுத்தால் முகத்தின் நிறமும் போகிறது

வணக்கம் நண்பர்களே. ஹால் ஃபாஸ்டர் வரைந்த ‘பிரின்ஸ் வேலியண்ட்’ என்ற அமெரிக்க ஞாயிறு வண்ணச் சித்திரக்கதையின் 1944-45 பக்கங்களைப் பழைய நாளிதழ்த் தாள்களிலிருந்து சீரமைப்பதில் உதவி தேவை.

ஸ்கேன் அளவு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), 24 பிட் கலர், டிஃப் (TIFF) படக் கோப்பு. முழுப்பக்கம் ஏ3 கண்ணாடியில் அடங்காததால் இரண்டு பாதியாக, நடுவில் இரண்டு அங்குலம் பொதுவாக வரும்படி ஸ்கேன். தாளுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம். வெள்ளை மூடி ஒளியைத் திருப்பியடிப்பதால்தான் மறுபக்க அச்சு தெரிகிறது. இதுவரை சரி.

சிக்கல் நிறத்தில். பழுத்து மஞ்சளான ஓரத்து வெற்றுத் தாளை வெள்ளையாக வைத்து லெவல்ஸ் (படத்தின் வெளிச்ச-இருள் அளவு) சரிசெய்தால், தோல் நிறத்தில் உள்ள மஞ்சள் அச்சுப் புள்ளிகளும் சேர்ந்து அழிகின்றன. படத்தின் அளவைக் குறைக்கும்போது அச்சுப் புள்ளிகள் மோதி மொய்ரே (அலை அலையான பொய்க்கோலம்) வருகிறது. அதற்கு மங்கலாக்கினால் ஃபாஸ்டரின் மெல்லிய கோடுகள் உடைகின்றன. அந்தக் கோடுகள் போனால் பிறகு என்ன மிச்சம்?

கறுப்புக் கோட்டை மட்டும் தனி லேயராகப் பிரித்து, நிறத்தை மட்டும் மங்கலாக்கியவர்கள் இருக்கிறீர்களா? த்ரெஷோல்ட் (எவ்வளவு இருட்டானதைக் கறுப்பாக எடுப்பது என்ற எல்லை) எவ்வளவு வைத்தீர்கள்?

இன்னொன்று: ஃபாண்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2009 முதல் வெளியிட்ட தொகுதிகள் ஃபாஸ்டரிடம் இருந்த வண்ண ப்ரூஃப் (மாதிரி அச்சு) பிரதிகளிலிருந்து எடுத்தவை. அவற்றில் 1944-45 பக்கம் ஏதாவது ஒன்றை, அடியில் வந்த ‘மெடீவல் காசில்’ என்ற ஃபாஸ்டரின் துணைச் சித்திரக்கதை வரிசையோடு, பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போட முடியுமா? நிறம் ஒப்பிட அது போதும்.