கருடக்கல்லும் பல்டிட்யூடின் தொப்பையும்

பழம்புத்தகம்:
நேற்று நடுநிசி வாசகி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவரும் பிள்ளையும் உடல் மாறிக்கொள்ளும் சிரிப்பு நாவலுக்கு மேரி ராட்ஜர்ஸ் 1972-இல் எழுதிய 'ஃப்ரீக்கி ஃப்ரைடே'தான் ஆதியாம், மற்றதெல்லாம் அதன் நிழலாம். அம்மணி, அதற்குத் தொண்ணூறு வருடம் முன்பே, 1882-இல், எஃப். ஆன்ஸ்டி என்ற புனைபெயரில் தாமஸ் ஆன்ஸ்டி கத்ரி 'வைஸ் வெர்சா' எழுதிவிட்டார். லண்டன் வியாபாரி பால் பல்டிட்யூட். விடுமுறை முடிந்து விடுதிப் பள்ளிக்குத் திரும்ப மூக்கைச் சிந்தும் மகன் டிக். "பள்ளி நாள்தான் பொன்னான நாள், நானும் மறுபடி உன்னைப் போலப் பையனாக இருக்கக் கூடாதா" என்று அப்பா அளக்கிறார். கையில் இருப்பதோ மைத்துனர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த, வைத்திருப்பவர் ஆசையைப் பலிக்க வைக்கும் கருடக்கல். அப்புறம் கேட்க வேண்டுமா? படம் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

நடுநிசி வாசகி:
படம் பார்த்துவிட்டா? நாவல் என் அலமாரியில் இருக்கிறது ஐயா. சீன உணவகத்தில் கொடுக்கும் பிஸ்கட் மந்திரம் போடுவது 2003-இல் வந்த படத்தில். நாவலில் பிஸ்கட்டும் இல்லை, கல்லும் இல்லை. 13 வயது ஆனபெல் காலையில் கண் விழித்தால் அம்மாவின் உடம்பில் இருக்கிறாள். நான் எழுதியது குழந்தைகள் நாவலைப் பற்றி. உங்கள் 'வைஸ் வெர்சா'வின் துணைத்தலைப்பே 'தந்தையருக்கு ஒரு பாடம்' என்றுதான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் அப்படியா பெயர் வைப்பார்?

பழம்புத்தகம்:
தலைப்பை மட்டும் படிப்பவர்களுக்கு அப்படித் தோன்றும். பிரம்பும் கையுமாக டாக்டர் கிரிம்ஸ்டோன், அவர் பள்ளியில் மகனின் உருவத்தில் மாட்டிக்கொண்டு "நான் மாணவன் இல்லை, வியாபாரி" என்று நியாயம் பேசும் அப்பா, வீட்டில் அப்பாவின் உருவத்தில் கூத்தடிக்கும் பையன். எந்தப் பிள்ளை இதற்குச் சிரிக்காது?

கணக்கு வாத்தியார்:
முதலில் 'உடல் மாற்றம்' என்று எதைச் சொல்கிறோம், 'குழந்தைகள் நாவல்' என்று எதைச் சொல்கிறோம், இரண்டையும் முடிவு செய்துகொண்டு பேசலாமே?

கரிசல்காட்டான்:
ஒரு சந்தேகம். 'வைஸ் வெர்சா'வில் உடல் மாற்றமே நடக்கவில்லையே. அப்பா ஆசைப்பட்டதும் அப்பா மட்டும் பையனாகிறார். டிக் டிக்காகவே எதிரில் நிற்கிறான், சிரிக்கிறான். பிறகு கல்லைக் கைப்பற்றி, தான் அப்பாவாக வேண்டும் என்று தனியாக ஆசைப்படுகிறான். இரண்டு பேர், இரண்டு ஆசை. நடுவில் கொஞ்ச நேரம் அந்த அறையில் இரண்டு டிக். அப்படியானால் அப்போது பல்டிட்யூடின் தொப்பை எங்கே இருந்தது?

பழம்புத்தகம்:
வந்துவிட்டார். போன வருடம் நான் துப்பறியும் கதை பற்றி எழுதியபோதும் இவர்தான் வந்து திரியைக் குட்டிச்சுவராக்கினார். ஐயா, உள்ளே அப்பா, வெளியே பையன். உள்ளே பையன், வெளியே அப்பா. இதற்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
எங்கள் ஊரில் இதற்கு வேஷம் மாறுவது என்று பெயர். நீ என் சட்டையைப் போட, நான் உன் சட்டையைப் போட்டால் மாற்றிக்கொண்டோம். நான் கடையில் உன் சட்டை மாதிரியே ஒன்று எடுத்தால்? தொப்பை எங்கே?

திண்ணை:
வெள்ளைக்காரன் கதைக்கு இத்தனை சண்டையா? இதெல்லாம் நம் சரக்கு. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறுவது பொறுக்காமல் அந்த உடம்பில் புகுந்த யோகியார்தான் திருமூலர். பெரிய புராணத்தில் இருக்கிறது. கூடு விட்டுக் கூடு பாய்தல்.

நடுநிசி வாசகி:
மூலன் எழுந்து யோகியின் உடம்புக்குள் போனானா? போகவில்லையே. ஒருவழிப் பயணம் அது. அப்பா மகன் சண்டை அதில் எங்கே இருக்கிறது?

பழம்புத்தகம்:
திண்ணை சொல்வதில் ஒன்று மட்டும் சரி. கல்லுக்குக் கருடன் பெயரை வைத்து, இந்தியாவிலிருந்து வந்தது என்று ஆன்ஸ்டி எழுதியது சும்மா இல்லை. அந்தக் காலத்து லண்டன் வாசகனுக்கு மாயம் என்றால் கீழைநாட்டுப் பொருள்தான். மற்றபடி என் பதில் பழைய பதில்தான். உள்ளே அப்பா, வெளியே பையன். 1948-இல் பீட்டர் உஸ்தினோவ் இதைப் படமாக எடுத்தார், ரோஜர் லிவ்சி அப்பா, ஆன்டனி நியூலி மகன். 1988-இல் அதே பெயரில் அமெரிக்காக்காரர்களும் ஒரு படம் எடுத்தார்கள், அதில் கல்லுக்குப் பதில் மண்டையோடு. ஒரு விமர்சகராவது தொப்பையைத் தேடினாரா?

கரிசல்காட்டான்:
விமர்சகர் தேடவில்லை என்றால் தொப்பை இல்லை என்று ஆகிவிடுமா? "உன்னைப் போல" என்பதுதான் அப்பா வாயிலிருந்து வந்த சொல். போல! கல் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு நகல் போட்டது. ஆளுக்கு ஓர் ஆசைதான் என்பதால்தானே கடைசியில் டிக்கின் தம்பி, சின்னப் பையன் ரோலியைப் பிடித்து ஆசைப்பட வைத்து இருவரையும் பழையபடி ஆக்குகிறார்கள்.

புதுமுகம்:
இரண்டு நாவலும் நான் இன்னும் படிக்கவில்லை. முடிவையே சொல்லிவிட்டீர்களே?

நடுநிசி வாசகி:
நூற்று நாற்பது வருடப் பழைய முடிவுக்கு யாரும் பொறுப்பில்லை தம்பி. 'ஃப்ரீக்கி ஃப்ரைடே' முடிவையும் சொல்கிறேன், கேட்டுக்கொள். எல்லாம் அம்மா செய்த வேலை. எப்படிச் செய்தாள் என்று கேட்டால் சொல்லமாட்டாள். அதற்குள் பெண்ணின் பல்கம்பியைக் கழற்றி, முடியையும் வெட்டித் திருத்திக் கொண்டுவந்துவிடுகிறாள். கல்லை நம்பாமல் அம்மாவை நம்பியவர் ராட்ஜர்ஸ். அவருடைய தொடரில் அப்பாவும் மகனும் மாறிக்கொள்ளும் 'சம்மர் ஸ்விட்ச்' கூட 1982-இல் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், அசல் அவர்தான்.

பழம்புத்தகம்:
அப்பாவும் மகனுமா! சரியாக நூறு வருடம் கழித்து! இதற்குப் பெயர் அசலா? ஆன்ஸ்டியின் ஆவி சிரிக்கும்.

திண்ணை:
'கத்ரி'யா 'குத்ரி'யா? நான் குத்ரி என்றுதான் படித்த நினைவு.

பழம்புத்தகம்:
கத்ரி. 'குத்ரி' என்று சொன்னது எந்த வாத்தியார்?

கணக்கு வாத்தியார்:
நான் இல்லை. என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கரிசல்காட்டான்:
தொப்பை?

பழம்புத்தகம்:
முப்பது வருடமாக ஆன்ஸ்டி படிக்கிறேன். என்னிடம் போய்த் தொப்பைக் கணக்குக் கேட்கிறீர்கள். மாயக்கதையில் எடை பார்க்கத் தராசு தூக்கி வருபவரோடு இலக்கியம் பேச முடியாது. ஆரம்பத்திலும் முடிவிலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். நடுவில் ஒரு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்.

கரிசல்காட்டான்:
தராசு இருக்கட்டும். மூன்று வருடம் முன் புத்தகக் கண்காட்சி வாசலில் "இதோ ஒரு வாரத்தில்" என்று என்னிடம் வாங்கிப்போனீர்களே, அந்த 'வைஸ் வெர்சா' எங்கே? அதைப் பார்த்துத்தானே மேலே இவ்வளவும் எழுதுகிறீர்கள்?

நடுநிசி வாசகி:
அட!

பழம்புத்தகம்:
தனிப்பட்ட விஷயத்தைப் பொதுவில் கொண்டுவருவது யாருடைய வழக்கம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அட்டை கிழிந்திருந்தது, நான்தான் பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன். தொப்பை பற்றி ஆறு பகுதிகளாக விரிவாக எழுதுகிறேன். முதல் பகுதி நாளை. அதுவரை யாரும் குறுக்கே பேச வேண்டாம்.

கரிசல்காட்டான்:
பைண்டிங் செலவை நானே தருகிறேன். புத்தகம் வரட்டும். ஆறு பகுதியும் வரட்டும். தொப்பை எங்கே?