புதுப்பிப்பு: கடை சர்வர் கோப்புறை திறந்துவிட்டது, பிரிண்டரும் சரி

சிங்கப்பூர் தேக்காவில் மாமா துணிக்கடையின் புது விண்டோஸ் 11 கணினி மட்டும் லினக்ஸ் சர்வரின் பொதுக் கோப்புறையைத் திறக்க மறுக்கிறது என்று கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ப்ரோ போன்ற வகைகளில், எஸ்எம்பி (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) இணைப்புக்கு டிஜிட்டல் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் இணைப்பில் கையொப்பமிட வழியே இல்லை.

விண்டோஸில் அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தச் சிலர் சொன்னீர்கள். வாடிக்கையாளர் கணக்கெல்லாம் இருக்கும் இடம், எனக்கு மனம் வரவில்லை. விருந்தினர் அனுமதியை எடுத்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் கொடுத்தேன். கவனியுங்கள், லினக்ஸ் பாஸ்வேர்ட் இருந்தால் போதாது; சம்பாவுக்கென்று (லினக்ஸ் கோப்புறைகளை விண்டோஸுடன் பகிரும் மென்பொருள்) தனியாக ஒன்று வைக்க வேண்டும்.

அப்புறம் பிரிண்டர். அதைச் சம்பா வழியாக விடாமல், லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸில் பகிர்வை இயக்கி, விண்டோஸில் 631 போர்ட்டில் ஐபிபி (நெட்வொர்க் வழி அச்சிடும் முறை) முகவரியாகச் சேர்த்தேன். ஜிஎஸ்டி ரசீதுகள் தடையில்லாமல் வருகின்றன. வழிகாட்டிய அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ரொம்ப நன்றி.